காவி பூசிய முன்காம்பரா

போன மாதம் பதுளையில் என் பேத்தியின் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். இப்போதெல்லாம் பெயின்ட் எடுப்பது கல்யாணத்துக்குச் சேலை எடுப்பது மாதிரி ஆகிவிட்டது. கடைக்கார நானா ஓர் அட்டையைக் கொடுத்துவிட்டிருந்தார். அதில் நகத்தளவு கட்டங்களாக நூறு நிறம், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பெயர். எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் பெயரில் மயங்காமல் நிறத்தை மட்டும் பார்க்கிற வசதி எனக்கு உண்டு. பேத்தியும் அவள் புருஷனும் மூன்று நாள் அந்த அட்டையை வைத்துச் சண்டை போட்டார்கள். கடைசியில் மூன்று சுவருக்கு வெள்ளை, டீவி மாட்டுகிற சுவருக்கு மட்டும் நல்ல அழுத்தமான செம்மண் சிவப்பு என்று முடிவானது. சூளையிலிருந்து அன்றைக்குத்தான் எடுத்த பானையின் நிறம்.

அடித்து முடித்த மறுநாள் காலையில், யாரும் பார்க்காத நேரமாகப் போய் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தி எடுத்தேன். திருப்பிப் பார்த்தேன். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் அம்மாயி சிரிக்கிறீங்க? நெறம் புடிக்கலயா?" என்று பின்னாலிருந்து பேத்தி கேட்டாள்.

பிடிக்காமல் என்ன! இந்த அட்டையெல்லாம் வருவதற்கு முன்னாலேயே இந்த நிறத்தில் ஒரு காம்பராவே எங்களுக்கு இருந்தது என்று சொல்லி உட்கார்ந்தேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். கொஞ்சம் அங்கே இங்கே போவேன். திரும்பி வந்துவிடுவேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பெரகல சந்திக்குக் கீழே. அப்போது எனக்கு ஒன்பது வயது. லயம் என்றால் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு. வீடு என்றால் முன்னால் காம்பரா என்கிற ஒரே அறை, பின்னால் ஓர் அடுப்பங்கரை. நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாது. பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே நாங்கள் தண்ணீர் கொடுப்போம். அந்த வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பி, அப்பாவின் தங்கை என்று ஐந்து பேர். தோட்டத்தில் வருசத்துக்கு ஒரு தடவை வந்து சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போவார்கள். மூன்று மாதத்தில் அடுப்புப் புகை அதைத் தின்றுவிடும். மிச்ச ஒன்பது மாதமும் சுவர் கறுப்புத்தான்.

அந்தச் சுவருக்கு முன்னால்தான் அத்தையை இரண்டு தடவை பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். முதலில் வந்தவர்கள் அப்புத்தளைப் பக்கம். பதினோரு வடை சாப்பிட்டார்கள், நான் எண்ணினேன். "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இரண்டாவதாக வந்தவர்கள் வடை சாப்பிடவில்லை, அவர்களும் அதையேதான் சொன்னார்கள். இரண்டு வீட்டாருமே சொல்லி அனுப்பவில்லை. அத்தைக்கு அப்போது இருபத்தைந்து. மூன்றாவதாகப் பூனாகலையிலிருந்து ஒரு இடம் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் செய்தி வந்தபோது அப்பா ஒன்று சொன்னார்.

"இதுவும் தட்டிப் போச்சுன்னா, மொனராகலைக்காரனுக்குச் சரின்னு சொல்லிருவேன். இனிமே என்னால பதில் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது."

மொனராகலைக்காரர் என்பவர் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர், பெண்சாதி செத்துப்போனவர், மூன்று பிள்ளைக்காரர். அப்பாவை விட இரண்டு வயது மூத்தவர். அப்பா கெட்டவர் இல்லை. தாய் தகப்பன் இல்லாத தங்கையை வைத்துக்கொண்டு பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். அன்றைக்கு அத்தை சுட்ட ரொட்டி இரண்டு பக்கமும் கரிந்திருந்தது. எல்லோரும் பேசாமல் தின்றோம்.

சித்தப்பா பேசாமல் இருக்கிற ஆள் இல்லை. அவர் துரை பங்களாவில் குசினி வேலை, அடுப்படிக்கு எடுபிடி. துரையின் மனைவியை நோனா என்போம். நோனா தும்மினாலும் அது எப்படிப்பட்ட தும்மல் என்று சித்தப்பா எங்களுக்கு வந்து செய்து காட்டுவார். வெள்ளிக்கிழமை அவர் வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

"மதினி, நம்ம பொண்ணுல ஒரு கொறையும் இல்ல. கொறை எல்லாம் இந்தச் சுவத்துல."

"சுவரு ஒங்களக் கூப்புட்டுச் சொல்லுச்சாக்கும்?" என்றாள் அம்மா.

"சிரிக்காதீங்க. பங்களாவுல பெரிய ஹோல் முழுக்க நோனா செவப்பு அடிச்சிருக்கு. சாதாச் செவப்பு இல்ல, செங்கல் செவப்பு. அதுக்கு முன்னால எங்க பெரிய சமையக்காரரு நின்னாக்கூட லெச்சணமாத் தெரியிறாரு. அந்த மூஞ்சி!"

"அப்ப அவருக்கே பேசி முடிச்சிருவமா?"

"மதினி! கறுத்த சுவத்துக்கு முன்னால மாநெறப் புள்ளய நிறுத்துனா என்னா தெரியும்? கண்ணும் பல்லுந்தான் தெரியும். செவத்த சுவத்துல நிறுத்திப் பாருங்க. குத்துவெளக்குக் கணக்கா நிப்பா."

"தங்கச்சிக்கு முடிஞ்சாத்தான் ஒங்களுக்குப் பாப்பாங்க. அந்த அவசரம் ஒங்களுக்கு, கொழுந்தனாரே."

சித்தப்பா வெட்கப்பட்டுக்கொண்டு, அதை மறைக்க என் காதைத் திருகினார்.

சிவப்புக்கு எங்கே போவது? எங்கள் தோட்டத்தில் சிவப்பு என்றால் காவிதான். காவி என்றால் கோயில்தான். திருவிழாவுக்குக் கோயில் மதிலில் வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்தது போக, ஒரு சாக்கில் கால்வாசி மிஞ்சிக் கிடந்தது. பூசாரியிடம் கேட்டு சித்தப்பா அதைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அம்மா நெஞ்சில் கை வைத்தாள். சாமிக்கு வாங்கியதை வீட்டுக்குள் பூசினால் அந்த வீட்டில் கருவாடு வறுக்கலாமா, கூடாதா? இதுதான் அவள் கவலை. சாமிக்குப் பூசி மிஞ்சியதைத்தானே பிரசாதம் என்கிறோம் என்று சித்தப்பா ஒரே போடாகப் போட்டார். அம்மா கொஞ்சம் சூடம் கொளுத்திவிட்டு வாளியைக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. கார்த்திகை மாதம், வெளியே மழை. தேங்காய் மட்டையின் நுனியை நசுக்கித் தும்பாக்கி வைத்துக்கொண்டார், அதுதான் பிரஷ். சுண்ணாம்பில் காவியைப் போட்டுக் கலக்கி, முதல் கை இழுத்தார். இழுத்துவிட்டுப் பின்னால் வந்து பார்த்தார். நாங்களும் பார்த்தோம். சுவர் ரோஸ் நிறத்தில் இருந்தது.

"இதுதான் பங்களா செவப்பா?" என்றாள் அம்மா. "பல்லு வெளக்குற பொடி மாதிரி இருக்கு."

சித்தப்பா இன்னும் காவி போட்டார். இன்னும் ரோஸ்தான், கொஞ்சம் கோபமான ரோஸ். சுண்ணாம்பு இருக்கிற வரைக்கும் இது சிவக்காது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சுண்ணாம்பை எடுத்துவிட்டால் நிறம் வரும். ஆனால் காவி சுவரில் நிற்காது, உதிர்ந்துபோகும். யோசித்துக்கொண்டே நின்றவர் தொடையைத் தட்டினார்.

"கஞ்சித்தண்ணி! கஞ்சித்தண்ணி ஊத்திக் கலக்குனா பசை மாதிரிப் புடிச்சுக்கும். ஏ குட்டி, வாளிய எடு. மத்த ஒம்பது வூட்டுலயும் போய் வடிச்ச கஞ்சிய வாங்கிட்டு வா. எதுக்குன்னு கேட்டா வாயத் தொறக்காத."

சனிக்கிழமை அரைநாள் வேலை. எல்லா வீட்டிலும் மத்தியானம் சோறு வடிக்கிற நேரம். நான் வாளியோடு படிப்படியாக ஏறி இறங்கினேன்.

"எதுக்குடி இம்புட்டுக் கஞ்சி? ஒங்க வூட்டுல மாடுகூட இல்லையே?"

"தெரியாது."

"பொண்ணு பாக்க வாறவங்களுக்கு ஊத்தப் போறாங்களோ?"

"தெரியாது."

"காவி போதுமான்னு கேட்டியா?"

கடைசி வீட்டுக்குப் போவதற்குள் லயம் முழுவதற்கும் தெரிந்திருந்தது. நான்தான் யாருக்கும் சொல்லவில்லை என்று பெருமையாக இருந்தேன். வாளி முக்கால்வாசி நிறைந்தது. கெட்டியான, வெதுவெதுப்பான கஞ்சி. சிலர் வீட்டில் அதைத்தான் உப்புப் போட்டு ராத்திரிக்குக் குடிப்பார்கள், இருந்தும் கொடுத்தார்கள். அத்தை என்றால் லயத்தில் எல்லோருக்கும் பிரியம்.

இனிமேல் சொல்லப் போவதை நான் அதிகம் பேருக்குச் சொன்னதில்லை.

மழை விட்டிருந்தது. லயத்துக் கோடியில் என் வயதுப் பிள்ளைகள் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். "ஒரே ஒரு ஆட்டம்" என்றார்கள். வாளியைத் தண்ணீர் ஓடுகிற கானோரத்தில் வைத்துவிட்டு ஒரே ஒரு ஆட்டம் ஆடினேன். நான் கடைசிக் கட்டத்தில் ஒற்றைக் காலில் நிற்கும்போது, யாரோ உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவு சந்தோசமான சத்தம். திரும்பிப் பார்த்தால் கடைசி வீட்டுக்காரரின் பசுமாடு வாளிக்குள் காது வரைக்கும் தலையை விட்டிருந்தது. ஓடிப் போய் அதன் கொம்பைப் பிடித்து இழுத்தேன். அது தலையை எடுத்து, மூக்கை நக்கிக்கொண்டு, என்னை மிகவும் அன்பாகப் பார்த்தது. வாளியில் அடி நனைகிற அளவுக்குக்கூட இல்லை.

அழுவதற்கு நேரம் இல்லை. மறுபடி ஒன்பது வீட்டுக்கும் போய் என்னவென்று கேட்பது? பீலிக்கு ஓடினேன். பீலி என்றால் மலைத்தண்ணீர் வந்து விழுகிற குழாய். வாளியை நிறைத்தேன். வெறும் தண்ணீர் பளிச்சென்று தெரிந்தது. பின்பக்கமாக வந்து, சித்தப்பா ஒதுக்கி வைத்திருந்த சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை எடுத்துக் கரைத்தேன். பார்வைக்குக் கஞ்சி மாதிரியே ஆகிவிட்டது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

"என்னடி இது, தண்ணியா இருக்கு?" என்றார் சித்தப்பா.

"எல்லார் வூட்டுலயும் அப்புடித்தான் வடிக்கிறாங்க."

"இந்த லயத்துல சோறு வடிக்கிறாங்களா, அரிசியக் கழுவி எடுத்து வச்சிர்றாங்களா?" என்று சொல்லிக்கொண்டே மழை மறுபடி பிடிப்பதைப் பார்த்தார். நாலு மணிக்கு அவர் பங்களாவில் இருக்க வேண்டும். அப்படியே ஊற்றி, மிச்சக் காவியில் பாதியைக் கொட்டிக் கலக்கினார். கலக்கக் கலக்கச் சிவந்தது. நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஆனால் அந்த நிறத்தைச் சொல்ல வேண்டும். முன்காம்பராவின் மூன்று சுவரும், அடுப்பங்கரைக்குப் போகிற வாசலைச் சுற்றிலும், அப்படி ஒரு சிவப்பு. ரோட்டுக்கு மண் வெட்டின இடத்தில் மழை பெய்து விட்ட பிறகு மலை ஒரு நிறத்தில் தெரியுமே, அந்த நிறம். மழை இருட்டுக்கு விளக்கைக் கொளுத்தியதும் காம்பராவே ஒரு பெரிய பானைக்குள் இருக்கிற மாதிரி ஆனது. அத்தை அரைநாள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையை இறக்கி வைத்து உள்ளே வந்தவள், நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள். எங்கள் அத்தை அப்படிச் சுற்றி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "நம்ம வூடா இது?" என்று மட்டும் கேட்டாள். சித்தப்பா சொன்னது உண்மைதான். அவள் முகம் பளிச்சென்று நின்றது.

நான் யாரும் பார்க்காமல் சுவரைத் தொட்டேன். விரல் சிவந்தது. பாவாடையில் துடைத்தேன். பாவாடை சிவந்தது.

"இன்னும் காயலடி, தொடாத," என்றார் சித்தப்பா. "காயக் காயக் கல்லு மாதிரிப் புடிச்சுக்கும். மதினி, அடுப்ப அணைய விட்றாதீங்க. நான் காலையில லீவு சொல்லிட்டு வந்துருவேன்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் சுவர் காய்வதற்காகக் காத்திருந்தார்கள். அப்பா நனைந்த விறகை வெட்டிக் கொண்டுவந்து போட்டார். அம்மா ஊதினாள். நான் சுளகை எடுத்துச் சுவருக்கு விசிறினேன். காயுமா, காயாதா என்பதுதான் அவர்கள் கவலை. அது எவ்வளவு காய்ந்தாலும் ஒட்டாது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். கை வலிக்க வலிக்க விசிறினேன். லயத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் முழங்கையில் சிவப்போடு திரும்பிப் போனார்கள். ஒருத்தி முதுகு முழுக்க அப்பிக்கொண்டு, அது தெரியாமல் எங்கள் வீட்டைப் புகழ்ந்துகொண்டே படி இறங்கினாள். ஒவ்வொருத்தி வந்தபோதும் நான் எழுந்து, உட்கார்ந்து, எழுந்து... படுக்கையிலும் அப்படித்தான். மொனராகலைக்காரரின் மூன்று பிள்ளைகளும் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரியே கண்ணுக்குள் வந்தது. அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. மூன்று பேருக்கும் என் முகத்தையே வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலையில் சுவர் காய்ந்திருந்தது. தட்டினால் சத்தம் வந்தது. தடவினால் பொடியாகக் கையில் வந்தது. ஈரமாக இருந்ததை விட இது மோசம்.

பிள்ளைக் காம்பராவிலிருந்து, அதாவது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்திலிருந்து, ஒரு நீள பெஞ்சை அப்பா கேட்டு வாங்கி வந்திருந்தார். அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டார். அவர் போனதும் நான் ஒரு முழம் முன்னால் இழுத்தேன். அம்மா வந்து, நடக்க வழியில்லை என்று பின்னால் தள்ளினாள். நான் இழுத்தேன். சித்தப்பா வந்து தள்ளினார். நான் இழுத்தேன்.

"ஏண்டி, விடிஞ்சதுலேருந்து பெஞ்ச இழுத்துக்கிட்டே திரியிற? பேய் கீய் புடிச்சிருக்கா?" என்றாள் அம்மா.

"சுவத்துல இடிக்குதும்மா."

"இடிச்சா என்ன, சுவருக்கு வலிக்குமா? போய் மூஞ்சியக் கழுவு."

பெஞ்சுக்குப் பின்னால் சாக்கை விரித்துத் தொங்கவிட்டேன். சித்தப்பா அதைப் பிடுங்கி எறிந்தார். அவ்வளவு கஷ்டப்பட்டு அடித்ததைச் சாக்குப் போட்டு மறைப்பதா என்று அவருக்குக் கோபம்.

பகல் பஸ்ஸில் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் மட்டும். கூட்டமாக வராததே அப்பாவுக்கு ஒரு சந்தேகம். மாப்பிள்ளை ஒல்லியாக, உயரமாக, இன்னும் மடிப்புக் கலையாத நீலச் சட்டை போட்டிருந்தார். அந்த அம்மா புருஷனை இழந்தவர். அந்தக் காலத்து முறைப்படி வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. சிரிக்காத முகம். வாசலில் நின்று சுவரை ஒரு பார்வை பார்த்தார்.

"கோயிலா வூடா?" என்றார்.

"வூடுதாங்க. பங்களாவுல இதுதாங்க இப்ப..." என்று தொடங்கிய சித்தப்பாவை அப்பா கண்ணால் அடக்கினார்.

பெஞ்சின் அந்தக் கோடியில் அந்த அம்மா, இந்தக் கோடியில் மாப்பிள்ளை. பெஞ்சு சுவரோடு ஒட்டித்தான் இருந்தது. கடைசியாகத் தள்ளியவர் அப்பா. அந்த அம்மாவின் கிட்டே போக எனக்குப் பயம். மாப்பிள்ளை பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். பெரியவர்கள் மழையைப் பற்றியும் கொழுந்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தபோது அவர் காதோரம் குனிந்தேன்.

"சாயாதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். "ஏன், சுவரு கடிக்குமா?"

"ஒட்டும்."

"காயலயா?"

"காஞ்சிருச்சு. ஆனா ஒட்டும். கஞ்சிய மாடு குடிச்சிருச்சு."

அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சுவரைப் பார்த்தார், என் பாவாடையைப் பார்த்தார், கையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் மாட்டுக்குந்தான்."

"நான் சொல்லல," என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார். அப்பா அதைப் பார்த்து, என்ன மரியாதையான மனுசன் என்று நினைத்திருப்பார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சாயாதீங்க என்ன" என்று இன்னொரு தடவை சொன்னேன். தலையாட்டினார்.

ஆனால் அந்த அம்மா? பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து, சந்தியிலிருந்து இறக்கத்தில் நடந்து வந்தவர். கொஞ்ச நேரம் நிமிர்ந்து இருந்தார். அப்புறம் தலை சாய்ந்தது. அப்புறம் தோள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெருமூச்சு விட்டுக்கொண்டு முழு முதுகையும் சுவரில் கொடுத்து வசதியாக உட்கார்ந்துவிட்டார்.

அத்தை தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். வழக்கம் போல் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த அம்மா, பெண்ணைக் கிட்டே பார்ப்பதற்காக எழுந்து இரண்டடி முன்னால் வந்தார்.

முதலில் பார்த்தது அம்மா. கையால் வாயைப் பொத்தினாள். பிறகு சித்தப்பா. பிஸ்கட் தட்டு அவர் கையில் அப்படியே சாய்ந்து, ஒவ்வொரு பிஸ்கட்டாகக் கீழே விழுந்தது. தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் அந்த வெள்ளைச் சேலை சிவந்திருந்தது. எங்கள் பார்வையைப் பார்த்து அந்த அம்மா முந்தானையை முன்னால் இழுத்துப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு இருமல்கூட நின்றுவிட்டது.

"இது என்னா இது?" என்றார். குரல் சத்தமாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "தாலி அறுத்தவ நான். எனக்குச் செவப்புப் பூசி அனுப்பவா வரச் சொன்னீங்க?"

"ஐயோ, இல்லீங்க..." என்று அப்பா எழுந்தார். அம்மா துணியை நனைக்க ஓடினாள். மொனராகலை பஸ் வாசலில் வந்து நிற்கிற மாதிரி எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் அந்த மாப்பிள்ளை அதைச் செய்தார். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர், கையைக் கட்டிக்கொண்டு, மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். சாய்ந்ததோடு விடவில்லை. வலது தோளை ஒரு தேய்ப்பு, இடது தோளை ஒரு தேய்ப்பு. எழுந்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றார். நீலச் சட்டை பாழ்.

"எருமை மாடே!" என்று அந்த அம்மா கத்தினார். "புதுச் சட்டைடா!"

"ஒனக்கு ஆனது எனக்கும் ஆகட்டும்மா. ரெண்டு பேரும் இப்புடியே பஸ்ல போவோம். யாராச்சும் கேட்டா, தேருக்கு முட்டுக் குடுத்துட்டு வாறோம்னு சொல்லுவோம்."

களுக்கென்று ஒரு சிரிப்பு. அத்தைதான். பெண் பார்க்க வந்த இடத்தில், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெண் சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள். வந்ததிலிருந்து அப்போதுதான் நிமிர்ந்தாள்.

அந்த அம்மா அவள் பக்கம் திரும்பினார். "நீ ஏண்டி சிரிக்கிற? இந்தக் கறையப் போக்கத் தெரியுமா ஒனக்கு?"

அத்தை கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பிறவி.

"போகாதுங்க," என்றாள். "காவி போகவே போகாது. ஆனா இன்னும் ஒரு வாளிக்குக் காவி மிச்சம் இருக்குங்க. சேலைய முழுசா முக்கி எடுத்துட்டா, ஒரே நெறமா ஆயிரும். அடுத்த ஆடிக்குக் கதிர்காமத்துக்குக் கட்டிக்கிட்டுப் போகலாங்க."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்திருப்பாள்.

அந்த அம்மா தன் முந்தானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காவிச் சேலை புருஷன் இல்லாதவர்களும் கட்டுவதுதான், சாமிக்கு நேர்ந்தவர்களும் கட்டுவதுதான்.

"மூணு வருசமாக் கதிர்காமத்துக்கு ஒரு வேண்டுதல் இருக்கு," என்றார் மெல்ல. "போகத்தான் வாய்க்கல." பிறகு, "ஒரு வாளி இருக்கா?"

"இருக்குங்க."

"அடிப் பாவி மகளே. எனக்கு முதல்ல மாத்திக் கட்ட ஒரு சேலையக் குடு," என்று சொல்லி அந்த அம்மா சிரித்தார். சிரித்தால் அவருக்கு முன்பல் இரண்டு இல்லை. அதனால்தான் சிரிக்காமல் இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவசரம்தான். அடுப்பங்கரையில் அண்டாவை வைத்து அம்மாவும் அத்தையும் அந்த அம்மாவுமாகச் சேலையை முக்கினார்கள். கஞ்சிக்கு அம்மாவே போய் வாங்கி வந்தாள், நல்ல கெட்டிக் கஞ்சி. அப்பா நின்ற இடத்திலேயே நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். சித்தப்பா தரையில் கிடந்த பிஸ்கட்டைப் பொறுக்கி, ஊதி ஊதித் தானே தின்றார். அம்மாவின் மஞ்சள் பூப்போட்ட சேலையைக் கட்டிக்கொள்ளத் தயங்கி, அத்தையின் பழைய சாம்பல் நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு, நனைந்த காவிச் சேலையை ஒரு பையில் போட்டு அந்த அம்மா புறப்பட்டார். மாப்பிள்ளை முதுகில் சிவப்போடுதான் போனார். மாற்றிக்கொள்ள அப்பா சட்டை கொடுத்தும் வேண்டாம் என்றுவிட்டார். வாசலில் அந்த அம்மா, "தை பொறக்கட்டும், சொல்லி அனுப்புறேன்" என்றபோது எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம், அந்த வார்த்தையை ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டிருக்கிறோமே. ஆனால் அவர் சொல்லி அனுப்பினார். தை நடுவில் பூனாகலைக் கோயிலில் கல்யாணம். எங்கள் காம்பராவின் சிவப்பை ஐந்து பேரும் முதுகில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்து, மாசிக்குள் சுவர் தன் பழைய கறுப்புக்கு வந்துவிட்டது.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலத்தைச் சொல்லாமல் விட்டால் கதை முடியாது.

அவர்கள் போன பிறகு அத்தை பீலியில் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் சிவப்பு. எனக்குப் பொறுக்கவில்லை. மாடு குடித்ததையும், தண்ணீர் பிடித்ததையும் அவளிடம் கொட்டிவிட்டேன். அடி விழும் என்று நினைத்தேன். அவள் மாட்டைப் பற்றிக் காதிலேயே வாங்கவில்லை.

"நீ அவருகிட்ட சொன்னியா? சாயாதீங்கன்னு?"

"சொன்னேன். ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ."

"எப்ப? அவங்க அம்மா எந்திரிக்கிறதுக்கு முன்னாலயா?"

"முன்னாலதான். ஒட்டும்னு நல்லாத் தெரிஞ்சுக்கிட்டாரு. தலையக்கூட ஆட்டுனாரு. அப்புறமும் போய்ச் சாயிறாரு அத்த! புதுச் சட்டையோட! அறிவில்லாத ஆளு. இந்த ஆளு ஒனக்கு வேணாம், அப்பாகிட்ட சொல்லிரு."

அத்தை அண்டாவை விட்டுவிட்டு, ஈரக் கையோடு என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "மறுபடி சொல்லு. மொதல்லேருந்து சொல்லு. நீ என்ன சொன்ன, அவரு என்ன சொன்னாரு?"

சொன்னேன். "சுவரு கடிக்குமான்னு கேட்டாரா? அப்புறம்?" என்றாள். அப்புறத்தையும் சொன்னேன். பீலித் தண்ணீர் அண்டாவை நிறைத்து வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. "நீ சொன்னது நெசமாவே காதுல விழுந்துச்சா அவருக்கு?" என்று கேட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். நாலாவது தடவையும் சொல்லி முடித்தேன். ஐந்தாவது தடவையாக அவள் "மொதல்லேருந்து" என்றபோது எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஒரு தடவை சொன்னால் கேட்காத ஆள் அவர், நாலு தடவை சொன்னாலும் விளங்காதவள் இவள். சரியான ஜோடிதான் என்று நினைத்துக்கொண்டு, அவள் கையை உதறிவிட்டு ஓடிவிட்டேன்.